கோயில் யானை ஆடுவது சந்தோஷத்தில் அல்ல

கோயில் வாசல்ல யானை நிக்கும். ஒரு காலை முன்ன வெச்சு, ஒரு காலைப் பின்ன வெச்சு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே இருக்கும். தும்பிக்கையும் அதே தாளத்துல போயிட்டுப் போயிட்டு வரும். பக்கத்துல நிக்கிற அம்மா இடுப்புல இருக்கற குழந்தைகிட்ட, "பாரு கண்ணு, யானை டான்ஸ் ஆடுது"ன்னு சொல்வாங்க. நாதஸ்வரத்தை ரசிச்சு ஆடுதுன்னு சொல்ற பெரியவங்களும் உண்டு. ஆனா நாதஸ்வரம் நின்ன பிறகும் அது ஆடிக்கிட்டேதான் இருக்கும். அதை யாரும் பெருசா கண்டுக்கறதில்ல.

இந்தப் பதிவு அந்த ஆட்டத்தைப் பத்தினது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க மக்கா.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது பக்திக்கு எதிரான பதிவு இல்ல. பாகன்களைத் திட்டற பதிவும் இல்ல. "மிருகத்தையெல்லாம் அவுத்து காட்டுக்குள்ள விட்டுடு"ன்னு சொல்ற பதிவும் இல்ல. பத்து இருபது வருஷம் மனுஷன் கையில வளர்ந்த யானையை அப்படியே காட்டுல விட்டா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியும். நான் கேக்கறது ஒரே ஒரு விஷயம்தான். கோயில் யானைக்கு நாம என்ன கொடுக்கறோம்னு கணக்கு பார்க்கறப்ப சோறு, வெல்லம், பழம், முகபடாம், மணி எல்லாத்தையும் கணக்குல சேர்க்கறோம். அது நாள் பூரா எந்தத் தரையில நிக்குது, யார்கூட நிக்குது, நின்னுக்கிட்டு என்ன பண்ணுதுங்கற மூணை மட்டும் விட்டுடறோம். அந்த மூணுலதான் விஷயமே இருக்கு.

சரி, அந்த ஆட்டத்துக்கு வருவோம்.

அடைச்சு வெச்ச மிருகங்க ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப, எந்தப் பயனும் இல்லாம செஞ்சுக்கிட்டே இருக்கறதை ஆராய்ச்சிக்காரங்க 'ஸ்டீரியோடைப்பி'ன்னு சொல்றாங்க. கூண்டுல புலி ஒரே கோட்டுல போயிட்டு வர்றது, கரடி தலையைச் சுழட்டறது, யானை ஆடறது எல்லாம் இந்த வகைதான். காட்டுல மேயற யானைகிட்ட இதைப் பார்க்க முடியாது. காதை விசிறுறது வேற, அதைக் குழப்பிக்காதீங்க. அது உடம்புச் சூட்டைத் தணிக்கறதுக்கு எல்லா யானையும் செய்யறது. நான் சொல்றது அந்த மணிக்கணக்கான ஊசலாட்டத்தை.

ஏன் வருது? யானையோட ஒரு நாளை எடுத்துக்குங்க. காட்டுல ஒரு யானை விழிச்சிருக்கற நேரத்துல பெரும்பகுதி தின்னுது. ஒரு நாளைக்கு 16 மணி நேரம்கூட அதுக்கே போகும். தின்னறதுன்னா தட்டுல வெச்சதைத் தின்னறது இல்ல. நடக்கணும், மோப்பம் பிடிக்கணும், புல்லைப் பிடுங்கி கால்ல தட்டி மண்ணை உதறணும், பட்டையை உரிக்கணும், உசரத்துல இருக்கற கிளையை இழுத்து ஒடிக்கணும். நடுவுல தண்ணி, சேறு, புழுதி, மரத்துல முதுகைத் தேய்க்கறது, கூட வர்ற அக்கா தங்கச்சியைத் தும்பிக்கையால தொட்டுப் பார்க்கறது. அது பூரா வேலைதான். அந்த மூளையும் தும்பிக்கையும் அந்த வேலைக்காகவே உண்டானது.

இப்ப கோயில்ல என்ன நடக்குது? கவளம் உருட்டி வாயில வைப்பாங்க. கால் மணி நேரத்துல முடிஞ்சுது. தென்னை மட்டையோ சோளத்தட்டோ ஒரு கட்டு முன்னாடி போடுவாங்க. அது இன்னும் கொஞ்ச நேரம். மிச்ச நேரத்துல என்ன பண்ணும்? சங்கிலி நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் உலகம். வயிறு நிறைஞ்சிருக்கு, செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. அந்த வெறுமையைத்தான் அது ஆடித் தீர்க்குது. நாம கை தட்டறோம்.

ஒரு விஷயத்தை நியாயமா சொல்லணும். ஆடற யானையெல்லாம் இன்னிக்கு மோசமா நடத்தப்படுற யானைன்னு அர்த்தம் இல்ல. பல வருஷத்துக்கு முன்னாடி பட்ட கஷ்டத்துல தொத்திக்கிட்ட பழக்கம், நிலைமை நல்லாயிட்ட பிறகும் தழும்பு மாதிரி நின்னுடும். அதனால ஆட்டத்தைப் பார்த்த உடனே பாகனைப் பிடிச்சு சண்டை போடறது சரியில்ல. ஆனா ஆட்டத்தைப் பார்த்து "சந்தோஷமா இருக்கு"ன்னு சொல்றது மட்டும் எந்த வகையிலயும் சரியில்ல.

இப்ப அந்த மூணையும் ஒண்ணொண்ணா பார்ப்போம்.

1. தரை

யானையோட காலை எலும்போட பார்த்தா, அது விரல் நுனியில நிக்கிற மிருகம்னு தெரியும். குதிகால் பக்கம் கொழுப்பாலான பெரிய மெத்தை ஒண்ணு இருக்கு. மூணு நாலு டன் எடையை அதுதான் தாங்குது. மண்ணுல நடக்கறப்ப அந்த மெத்தை அமுங்கி விரியும், நகமும் உள்ளங்காலும் அதுபாட்டுக்குத் தேயும். கருங்கல் தளத்துலயும் சிமெண்ட்லயும் நாள் பூரா நின்னா? உள்ளங்கால் வெடிக்கும். நடை இல்லாததால நகம் தாறுமாறா வளரும். சொந்த மூத்திரத்துலயும் சாணியிலயும் ஈரமா நிக்கறதால வெடிப்புல சீழ் வைக்கும். அப்புறம் மூட்டு. வெளிநாட்டு உயிரியல் பூங்காக்கள்ல வளர்ந்த யானைங்களைக் கருணைக்கொலை செய்யவேண்டி வந்ததுக்கு முக்கிய காரணங்கள்ல ஒண்ணு கால் நோயும் மூட்டு நோயும்தான்.

வட அமெரிக்காவுல அறுபதுக்கும் மேல பூங்காக்கள்ல இருக்கற யானைகளை வெச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணி, 2016-ல வெளியிட்டாங்க. கடினமான தரையில நிக்கிற நேரம் கூடக்கூட, கால் நோயும் மூட்டுக் கோளாறும் கூடுதுன்னு அதுல தெளிவா வந்துச்சு. நம்ம ஊர்ப் பாகன்கள் இதை ஆய்வு இல்லாமயே சொல்வாங்க. மருந்தெண்ணெய் தடவித் தடவி அவங்களுக்குத்தான் கை வலிக்குது.

படுக்கறதும் தரையைப் பொறுத்ததுதான். வயசான யானை கல்லுல படுத்தா எழுந்திரிக்கறது கஷ்டம்னு படுக்கறதையே தவிர்க்கும். அதனால பல பூங்காக்கள்ல இப்ப மணலைக் குவிச்சு மேடு கட்டறாங்க. யானை அதுல சாஞ்சு தூங்கிட்டு சுலபமா எழுந்துக்கும். ஒரு லாரி மணல் விஷயம் மக்கா இது. கும்பாபிஷேகத்துக்கு எத்தனை லாரி மணல் இறக்கறோம்!

2. துணை

பெண் யானைங்க பொறந்ததுலேருந்து சாகிற வரைக்கும் கூட்டமா வாழ்றவை. பாட்டி, அம்மா, சித்தி, குட்டிங்கன்னு ஒரு குடும்பம். நம்ம கோயில்கள்ல இருக்கறது பெரும்பாலும் பெண் யானைதான், அதுவும் பெரும்பாலான இடத்துல ஒத்தை யானை. "அதான் ஆயிரம் பேர் வந்து பார்க்கறாங்களே, அதுக்கென்ன தனிமை"ன்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டார். உங்களை ஒரு யானைக் கூட்டத்துக்கு நடுவுல இருபது வருஷம் நிறுத்தி வெச்சா தனிமையா இருக்காதா சார்?

மேல சொன்ன அதே அமெரிக்க ஆய்வுல இதுவும் வந்துச்சு. மத்த யானைங்ககிட்டேருந்து பிரிச்சுத் தனியா வைக்கிற நேரம் கூடினா இந்த ஊசலாட்டமும் கூடுது.

டெல்லி பூங்காவுல ஷங்கர்னு ஒரு ஆப்பிரிக்க யானை இருந்துச்சு. 1998-ல ஜிம்பாப்வே நாடு அன்பளிப்பா அனுப்பினது. கூட வந்த துணை செத்துப்போன பிறகு இருபது வருஷம் போல அது தனியாவே நின்னுச்சு. அதை வெச்சிருந்த நிலைமைக்காக 2024-ல உலக உயிரியல் பூங்கா சங்கம் டெல்லி பூங்காவோட உறுப்பினர் தகுதியையே நிறுத்தி வெச்சுது. 2025 செப்டம்பர்ல ஷங்கர் செத்துப்போச்சு. ஒரு நாட்டோட தலைநகரத்துல இருக்கற பூங்காவுக்கே இந்தக் கதின்னா ஊர்க்கோயிலை என்ன சொல்ல.

3. வேலை

இதுக்கு ஆங்கிலத்துல 'என்ரிச்மென்ட்'னு பேரு. பேரு பெருசா இருக்கே ஒழிய விஷயம் சிம்பிள். மிருகம் தன் இயல்புப்படி செய்யக்கூடிய வேலையை அதுக்குத் திருப்பிக் கொடுக்கறது, அவ்வளவுதான். ஸ்விட்சர்லாந்துல ஹைனி ஹெடிகர்னு ஒரு பூங்கா இயக்குநர் இருந்தார். கூண்டு எவ்வளவு பெருசுங்கறதைவிட அதுக்குள்ள என்ன இருக்குங்கறதுதான் முக்கியம்னு 1940-கள்லயே எழுதி வெச்சிட்டுப் போனவர். அவர் இயக்குநரா இருந்த ஜூரிச் பூங்காவுல 2014-ல புதுசா ஒரு யானை வளாகம் திறந்தாங்க. அங்க தீனியைத் தட்டுல வைக்கறதில்ல. சுவருக்குள்ள இருக்கற பெட்டிங்க கணினிக் கட்டுப்பாட்டுல வேற வேற நேரத்துல திறக்கும். எது எப்பத் திறக்கும்னு யானைக்குத் தெரியாது. தேடித் தேடி நடந்துக்கிட்டே இருக்கணும்.

கணினி எல்லாம் நமக்கு வேண்டாம். ஆலங்கிளையை அப்படியே முழுசா உசரத்துல கட்டித் தொங்கவிடுங்க. ஒரே கட்டா போடற பச்சைத் தீவனத்தை ஆறு தடவையா, ஆறு இடத்துல வைங்க. ஓட்டை போட்ட பீப்பாய்க்குள்ள கரும்புத் துண்டைப் போட்டுக் கொடுங்க, தும்பிக்கையை விட்டுத் துழாவி எடுக்கட்டும். பனை மட்டையை நறுக்காம கொடுங்க, அது கிழிச்சுத் தின்னட்டும். குளிச்ச பிறகு கொஞ்சம் புழுதி மண் கொடுங்க, வாரி முதுகுல போட்டுக்கட்டும். இதுக்கெல்லாம் என்ன செலவு?

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். ஒரு டயரைக் கட்டித் தொங்கவிட்டு, நாலு போட்டோ எடுத்துட்டு, "எங்க யானைக்கு எல்லா வசதியும் செஞ்சாச்சு"ன்னு சொல்றது ஏமாத்து வேலை. பத்து நாள்ல யானைக்கு அந்த டயர் சுவர் மாதிரி ஆயிடும். மாத்திக்கிட்டே இருக்கணும். மாத்தினதால என்ன ஆச்சுன்னு பார்க்கணும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு நாள்ல எத்தனை மணி நேரம் ஆடுச்சு, எத்தனை மணி நேரம் படுத்துச்சுன்னு பாகன் எழுதி வெச்சாலே மூணு மாசத்துல நல்லது கெட்டது தெரிஞ்சுடும்.

அடுத்து, இந்தப் பேச்சை எடுத்தாலே வழக்கமா வர்ற பதில்கள்.

"அதான் புத்துணர்வு முகாம் நடத்துனாங்களே!"

நடத்தினாங்க. 2003-ல ஜெயலலிதா ஆட்சியில முதுமலையில ஆரம்பிச்சது. பிறகு மேட்டுப்பாளையம் பக்கத்துல தேக்கம்பட்டிக்கு, பவானி ஆத்தங்கரைக்கு மாறுச்சு. 48 நாள். மண் தரை, ஆத்துக் குளியல், நடைபயிற்சி, கூட நாலு யானை. பழைய சிநேகிதிங்களைப் பார்த்ததும் பிளிறிக்கிட்டு ஓடினதை டிவியில எல்லாரும் பார்த்தோம். அந்தக் காட்சிதான் என் வாதத்துக்கு முதல் சாட்சி. 48 நாள்ல அதுக்கு எது பிடிக்குதுன்னு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் லாரியில ஏத்தி மிச்சம் 317 நாளுக்கு அதே கல் தளத்துல கொண்டுவந்து நிறுத்தினோம். முகாம்ல கொடுத்ததுல கால்வாசியை கோயில்லயே தினம் கொடுத்தா அது முகாமைவிடப் பெரிய விஷயம்.

"நாங்க அதை எவ்வளவு பாசமா பார்த்துக்கறோம் தெரியுமா?"

தெரியும். 2022 நவம்பர் 30-ல புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி இறந்தப்போ ஊரே திரண்டு வந்து அழுதுச்சு. அந்தக் கண்ணீர்ல பொய் ஒண்ணும் இல்ல. மதுரை மீனாட்சி கோயில் பார்வதிக்குக் கண்ணுல புரை வந்தப்போ 2022-ல தாய்லாந்துலேருந்து மருத்துவர்களை வரவழைச்சாங்க. அதுவும் பாசம்தான், பாராட்ட வேண்டியதுதான். பாசத்தைப் பத்தி எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பாசம் தரையை மெத்துனு ஆக்காது. 2024 செப்டம்பர்ல குன்றக்குடி கோயில் யானை சுப்புலட்சுமி, தங்கியிருந்த கொட்டகை தீப்பிடிச்சு தீக்காயத்துல செத்துப்போச்சு. அந்த ஊர்க்காரங்களுக்கு அதுமேல பாசம் இல்லாமலா இருந்துச்சு? பாசத்தோட நல்ல கொட்டகையும் வேணும்.

"மனுஷன்கிட்ட வளர்ற யானைன்னா இப்படித்தான் இருக்கும்."

இல்லீங்க. முதுமலை தெப்பக்காட்டுலயும் ஆனைமலையிலயும் வனத்துறை முகாம்கள் இருக்கு. அதுவும் மனுஷன்கிட்ட வளர்ற யானைங்கதான். பகல்ல வேலை, குளியல், கவளம் எல்லாம் உண்டு. ராத்திரி காட்டுக்குள்ள மேய விடுவாங்க, காலையில பாகன் போய்த் தேடிக் கூட்டிட்டு வருவார். 2023-ல ஆஸ்கர் வாங்கின 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' படத்துல வந்த குட்டிங்க வளர்ந்தது தெப்பக்காட்டுலதான். இதுக்கு உலக அளவுல ஒரு கணக்கும் இருக்கு. 2008-ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த ஆய்வு. ஐரோப்பியப் பூங்காக்கள்ல பிறந்த ஆசியப் பெண் யானைகளோட நடு ஆயுள் 18.9 வருஷம். மியான்மர்ல மரம் இழுக்கற வேலை செஞ்ச பெண் யானைகளுக்கு 41.7 வருஷம். பூங்கா யானைக்கு மருத்துவர் உண்டு, தீனி உண்டு, வேலை கிடையாது. மரம் இழுக்கற யானைக்கு உழைப்பு உண்டு, அதட்டல் உண்டு, ஆனா வேலை முடிஞ்சா காடு உண்டு, கூட்டம் உண்டு. எது அதிக நாள் வாழுதுன்னு பாருங்க.

இன்னொரு விஷயம். 2009 நவம்பர்ல மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஒரு உத்தரவு போட்டுது. பூங்காக்கள்லயும் சர்க்கஸ்கள்லயும் யானை வைக்கக்கூடாது, முகாம்களுக்கு அனுப்பிடணும்னு. யானை மாதிரி ஒரு பெரிய மிருகத்துக்கு அங்க இடம் பத்தாதுங்கறதுதான் காரணம். அது இன்னும் முழுசா நடக்கலைங்கறது வேற கதை (ஷங்கரையே பார்த்தோமே). ஏக்கர் கணக்குல இடம் இருக்கற பூங்காவே யானைக்குப் பத்தாதுன்னு ஒரு அரசு அமைப்பு சொல்லுது. அப்ப மண்டபத்துக்குப் பின்னாடி ஒரு கொட்டகை எப்படிப் பத்தும்?

2024 நவம்பர்ல திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை, பாகனையும் அவர் உறவினரையும் கொன்னுடுச்சு. அப்ப ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. எது நிஜம்னு நான் தீர்ப்பு சொல்லப்போறதில்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் அந்த அஞ்சு நிமிஷம் என்ன நடந்துச்சுன்னுதான் விவாதம் நடக்குது. அதுக்கு முந்தின பல வருஷம் அந்த யானை எப்படிக் கழிச்சுதுன்னு பேசறது ரொம்பக் குறைவு. இதுல மொதல்ல சாகறது பாகன்தான். யானைக்கு நல்ல கொட்டாரம் கேக்கறது பாகன் உயிருக்கும் சேர்த்துக் கேக்கறதுதான்.

என்ன செய்யலாம்? என் கருத்து இது.

புதுசா ஒரு யானைகூட கோயிலுக்கு வரக்கூடாது. சென்னை உயர் நீதிமன்றமும் 2023-ல இதைத்தான் சொல்லுச்சு. கேரளாவுல திருச்சூர் மாவட்டத்துல ஒரு கோயில் 2023-ல இயந்திர யானையை நடைக்கு வெச்சுது. கிண்டல் பண்ணினவங்க நிறையப் பேர். எனக்கு அதுல கிண்டல் ஒண்ணும் தெரியல. சாமி கோவிச்சுக்கிட்டதா தகவல் இல்ல :-)

இப்ப இருக்கற யானைங்க ஆயிரக்கணக்குல இல்ல, அறநிலையத்துறைக் கோயில்கள்ல சில டஜன்தான். அதுங்களுக்குச் செய்ய முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. நிக்கிற இடத்துல பாதியாவது மண் தரை. படுக்க மணல் மேடு. ராத்திரி சங்கிலிக்குப் பதிலா இரும்புக் குழாய் வேலி போட்ட திறந்த வெளி, அதுல வெயில், நிழல், தண்ணி, சேறு எது வேணும்னு யானையே போய் நின்னுக்கட்டும். நாள் பூரா பரவலா தீனி. கூட்டத்துக்கு நடுவுல நிக்கிற நேரத்துக்கு ஒரு உச்சவரம்பு. பாகனுக்கு ஒழுங்கான சம்பளமும் லீவும். ஆசீர்வாதக் காசை நம்பி அவர் வாழ வேண்டியிருந்தா யானையும் நின்னுக்கிட்டேதான் இருக்கும்.

துணைதான் கஷ்டமான காரியம், ஒத்துக்கறேன். மாவட்டத்துக்கு ஒரு பொதுக் கொட்டாரம் வெச்சு நாலஞ்சு கோயில் யானைங்களை ஒண்ணா தங்க வெச்சு, விசேஷ நாளுக்கு மட்டும் கோயிலுக்குக் கூட்டிட்டு வரலாம். எடுத்த உடனே ஒண்ணா விட முடியாது. சில யானைங்களுக்கு ஒத்துப்போகாது, மெதுவாத்தான் பழக்கணும். காசநோய் மனுஷன்லேருந்து யானைக்கும் யானைலேருந்து யானைக்கும் தொத்தும்கறதால சோதனை பண்ணிட்டுத்தான் சேர்க்கணும். திருச்சி எம்.ஆர்.பாளையத்துல வனத்துறை ஒரு யானை மறுவாழ்வு மையம் நடத்துது. அதனால இது வெறும் கனவு இல்ல. கல் தளத்துல இருக்க முடியாத அளவுக்கு வயசும் வியாதியும் ஆயிட்ட யானைங்களை அந்த மாதிரி இடத்துக்கு நிரந்தரமா அனுப்பிடறதுதான் நியாயம். அறுபது வயசுல நமக்கு ரிட்டையர்மென்ட் கிடைக்குதில்ல?

அடுத்த தடவை கோயிலுக்குப் போறப்ப ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. காசு கொடுத்து ஆசீர்வாதம் வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. காலுக்கடியில என்ன இருக்கு? சங்கிலி எத்தனை அடி? முன்னாடி தின்ன ஏதாவது கிடக்கா? கண்ணுக்கெட்டின தூரத்துல இன்னொரு யானை இருக்கா? ஆடுதா, எவ்வளவு நேரமா ஆடுது? பார்த்ததை உங்க பதிவுல எழுதுங்க. கோயில் நிர்வாக அலுவலருக்கு ஒரு கடிதமும் போடுங்க, மரியாதையா. மணல் மேடு போடச் சொல்லிக் கேக்கற கடிதத்தை யாரும் மத விரோதம்னு சொல்ல முடியாது.

பி.கு: "மனுஷனுக்கே ரோட்டுல படுக்க இடம் இல்ல, யானைக்கு மணல் மெத்தையா?"ன்னு பின்னூட்டம் வரும்னு தெரியும். ரோட்டுல படுக்கற மனுஷனுக்கும் இடம் வேணும்தான். அவரை யாரும் சங்கிலி போட்டுக் கட்டிவெச்சுட்டு அவர் ஆடறதைப் பார்த்துக் கை தட்டறதில்லைங்கறது மட்டும்தான் வித்தியாசம்.